அந்தச் சூடு யாருடையது

வெயில் இன்னும் இறங்கவில்லை, சாயங்காலம் என்று சொல்லிக்கொள்ள வேண்டிய நேரம் வந்தும் இறங்கவில்லை, இந்த ஊரில் சூரியனுக்கும் வீடு திரும்ப மனசில்லை போலிருக்கிறது என்று நினைத்தபடி இன்னாசியம்மாள் கடலைப் பார்த்த சிமெண்டுப் பெஞ்சில் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்பெயின் தேசம், மலாகா என்று ஊர்ப் பெயர். கடல் முன்னால் பேசாமல் கிடந்தது. அலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி யாரோ சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பதுபோல் கரையைத் தொட்டுவிட்டுப் போனது. திருச்சி பாலக்கரையில் பிறந்து அங்கேயே வாக்கப்பட்டவளுக்குத் தெரிந்த கடல் வேளாங்கண்ணிக் கடல் ஒன்றுதான், அது இரைச்சல் போடும், மொட்டைத் தலைகளையும் மெழுகுவர்த்திகளையும் கூட்டமாகக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு இரைச்சல் போடும். இந்தக் கடலுக்கு யாரும் வேண்டாம். கையில் ஜெபமாலை இருந்தது, விரல் மணியில் இருந்தது, மணி நகரவில்லை. திருவயிற்றின் கனி என்கிற இடம் வந்தால் நாக்கு நின்றுவிடுகிறது. ஐம்பது வருஷமாக மூச்சு விடுவதுபோல் சொல்லி வந்த ஜெபம், அடுப்படியில், பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில், வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில் கூட நிற்காத ஜெபம், இப்போது அந்த இரண்டு வார்த்தையில் மீன்முள் மாதிரி தொண்டையில் குத்தி நிற்கிறது. மறுபடி முதலிலிருந்து. அருள் நிறைந்த மரியே. மறுபடி அங்கே வந்து நின்றது. மாதாவே, கோபப்படாதே, நான் சொல்லாமல் விடவில்லை, வாய் வரவில்லை.

எழுந்து நடந்தாள். உட்கார்ந்திருந்தால் நினைப்பு மடியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. நாலு நாள் ஒரு மாறுதலா இருக்கும் அத்தை என்று மாப்பிள்ளைதான் சொன்னார். பரணி நல்ல பிள்ளை. ஹாலந்தில் அவர்கள் வீட்டுச் சமையலறையில், டீ ஆறிப்போய் ஏடு கட்டிக்கொண்டிருக்க, மேஜையைப் பார்த்தபடியே சொன்னார்: "சிஸ்டர்ஸ் நடத்துற இடம் அத்தை. பக்கத்துலயே கோயில், கடல். தமிழ் தெரிஞ்ச சிஸ்டர் ஒருத்தங்க இருக்காங்க, அவங்களே ஏர்போர்ட்டுக்கு வந்துடுவாங்க. லிடியாவும் கொஞ்சம் தூங்குவா." தான் விபூதி பூசுகிறவர், மாமியாருக்காக எங்கோ தேடி ஒரு கன்னியாஸ்திரி மடத்து விடுதியைப் பிடித்திருக்கிறார். நல்லவர்கள் வெளியே போ என்று சொன்னால் அது அப்படிக் கேட்பதே இல்லை, போர்வை போர்த்திவிடுவதுபோல்தான் இருக்கிறது. லிடியா தூங்குவாள். அம்மா இருந்தால் தூங்க மாட்டாள். பெற்ற பிள்ளை தூங்குவதற்கு அம்மா ஒரு தேசம் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. ஏர்போர்ட்டில், நடக்கத் தெரிந்தவளைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், பாஷை தெரியாத பெற்றோரைத் தனியாக அனுப்ப எல்லாப் பிள்ளைகளும் செய்கிற ஏற்பாடு அது. திருச்சியிலிருந்து ஹாலந்து வந்தபோதும் அதே நாற்காலிதான். அப்போது மடியில் பிரசவ லேகிய டப்பா இருந்தது, பாதுகாப்புச் சோதனையில் திறந்து மோந்து பார்த்து முகம் சுளித்த ஆளைப் பார்த்து அவள் சிரித்தாள், பேபி பேபி என்று வயிற்றைக் காட்டினாள், அவனும் சிரித்தான். இந்தத் தடவை மடி காலியாக இருந்தது, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் மாப்பிள்ளை போனில் யாரிடமோ, திருச்சி டிக்கெட்டை முன்னாடி மாத்த முடியுமா என்று கேட்டது காதில் விழுந்தது. அவளுடைய டிக்கெட்டாகத்தான் இருக்கும். வேறு யாருக்குத் திருச்சி டிக்கெட். இங்கிருந்து திரும்பிப் போனால் பெட்டி கட்டி வைத்திருப்பார்களோ. லிடியா ஒரு தடவை அம்மா என்று கூப்பிட்டுவிட்டால் போதும், அப்புறம் அனுப்பினாலும் போய்விடலாம். கூப்பிடாமலே அனுப்பினால், அந்தக் கதவு அப்படியே மூடிப்போய்விட்டால், அதை நினைக்கக்கூடாது. மூன்று நாளாக மாப்பிள்ளையிடமிருந்து மெசேஜ்தான் வருகிறது. சாப்பிட்டீங்களா அத்தை. சாப்பிட்டேன் தம்பி. அவ்வளவுதான்.

மத்தியானம் விடுதி வாசலில் சிஸ்டர் ஆன்சி பிடித்துக்கொண்டாள். கோட்டயத்துக்காரி, கோயமுத்தூரில் நர்சிங் படித்ததால் தமிழ் ஒருமாதிரி வரும். "அம்மச்சி, தனியாட்டுப் போறீங்களா? வழி அறியுமோ?" என்றாள். "கடல்தானே சிஸ்டர், நேரா நடந்தா வந்துடப்போகுது." "போறதெல்லாம் நேரேதான். திரும்பி வர்றதுதான் கொழப்பம். போன வருஷம் ஒரு அம்மச்சி போலீஸ் ஜீப்பிலே வந்து எறங்கினாங்க, ராணி மாதிரி." அவள் சிரித்தபோது இன்னாசியம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வந்த சிரிப்பை என்ன செய்வது என்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் சிஸ்டர் கேட்டாள். "மகள் பிரசவத்துக்குத்தானே வந்தீங்க? குஞ்ஞு ஆணோ பெண்ணோ?" மாப்பிள்ளை மடத்தில் ஒன்றும் சொல்லவில்லை என்று அந்த நொடியில் தெரிந்தது. "பொண்ணு சிஸ்டர்." "ஈசோவே, சந்தோஷம்! பேரு என்னா?" "இன்னும் வெக்கல." சிஸ்டர் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். பொய்யா அது. பொண்ணு என்றது பொய்யில்லை. பேர் இன்னும் வைக்கவில்லை என்றது, அது பொய்தான், அதுவும் இரண்டு தடவை பொய், ஏனென்றால் லிடியாவும் மாப்பிள்ளையும் ஒரு பேர் வைத்திருந்தார்கள், இவள் ஒரு பேர் வைத்தாள். அந்தப் பிள்ளைக்கு இரண்டு பேர், கூப்பிட ஒருத்தரும் இல்லை.

கடலை விட்டுத் திரும்பி நடந்த வழியில் ஒரு சின்னக் கோயில், கதவு திறந்து கிடந்தது. படியருகில் உட்கார்ந்து காலிலிருந்த ஷூவைக் கழற்றி ஓரமாக ஜோடியாக வைத்தாள், குளிரும் அம்மா என்று லிடியா வயிறு தள்ளிக்கொண்டு கடைகடையாக ஏறி வாங்கித் தந்த ஷூ, லேஸ் கட்டத் தெரியாது என்று ஒட்டுப் பட்டையாகப் பார்த்து வாங்கினாள். முக்காடு போட்டுக்கொண்டு உள்ளே போய் முழங்காலிட்டாள். கல் தரை சில்லென்று ஏறியது. கொஞ்ச நேரத்தில் யாரோ தோளைத் தொட்டார்கள். வழுக்கைத் தலைப் பெரியவர் ஒருவர், அவளுடைய ஷூக்களைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நிற்கிறார், மெதுவாக ஏதோ சொல்கிறார், பாவம் மறந்துபோய் வெறுங்காலோடு வந்துவிட்டாள் என்று நினைத்தாரோ, வாங்கிக்கொண்டு கையைக் கூப்பினாள். சாமி சந்நிதியில் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு ஜெபம் செய்தது அவள் ஜென்மத்தில் முதல் தடவை. நிமிர்ந்து பார்த்தால் எதிரே வியாகுல மாதா, சிலுவையிலிருந்து இறக்கிய மகனுக்காக அழுகிறவள். கறுப்பு வெல்வெட் உடுப்பு, கையில் லேஸ் வைத்த கைக்குட்டை, கன்னத்தில் கண்ணாடியில் செய்த கண்ணீர்த் துளிகள், விழுவதே இல்லை, துடைக்கவும் முடியாது. உனக்காவது மடியில் கிடத்திக் கொடுத்தார்களே தாயே. நீ முகத்தைப் பார்த்தாயே. முப்பத்து மூணு வருஷம் பார்த்த முகத்தைக் கடைசியாக இன்னொரு தடவை பார்த்தாயே. என் பொண்ணு ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அந்த ஆஸ்பத்திரி அறை வெளிச்சமாக இருந்தது, அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது, துக்கத்துக்கு ஆகாத வெளிச்சம். பிள்ளையின் துடிப்பு வயிற்றிலேயே நின்றுபோய்விட்டது என்று தெரிந்த பிறகும் லிடியா பெற்றுத்தான் ஆக வேண்டியிருந்தது, வலி வலியாகத்தான் இருந்தது, அதில் ஒரு சலுகையும் இல்லை. பிறந்ததும் நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து ஏதோ கேட்டாள், லிடியா வேண்டாம் வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் புரண்டாள். மாப்பிள்ளை வாங்கினார், நின்றார், அவர் தோள் குலுங்கியது, அப்புறம் இன்னாசியம்மாள் கையில் வைத்துவிட்டு வெளியே ஓடினார். சூடாக இருந்தது. துணியைத் தாண்டி உள்ளங்கையில் இறங்கியது அந்தச் சூடு. முகத்தைப் பற்றி அவள் நினைப்பதில்லை, அதை மட்டும் எடுத்து எங்கோ உயரத்தில் வைத்திருக்கிறாள், ஆனால் சூடு வந்துவிடுகிறது, பாத்திரம் கழுவும்போது, போர்வைக்குள், இதோ இந்தக் கல் தரையில் முழங்காலிட்டிருக்கும்போதும். உயிரில்லாமல் எப்படிச் சூடு இருக்கும். சின்னப் பிள்ளையில் உபதேசியார் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வியில் சொல்லிக்கொடுத்தது, ஆபத்து நேரத்தில் சாமியார் இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், தண்ணீர் போதும், வார்த்தை போதும், ஆனால் உயிர் இருக்க வேண்டும். சூடு இருக்கிறதே, அப்படியானால் ஒரு துளி இருக்காதா, நூலிழை இருக்காதா, இவர்களுடைய மெஷினுக்கு எல்லாம் தெரியுமா. மேஜையில் காகிதக் கோப்பையில் லிடியா குடித்து மிச்சம் வைத்த தண்ணீர். விரலை நனைத்தாள். நெற்றியில் வைத்தாள். பிதா, சுதன், பரிசுத்த ஆவி. மரியா என்று வாய் சொல்லியது, யோசித்துச் சொன்ன பேரில்லை, வாயில் எப்போதும் இருக்கிற பேர். அந்த நேரத்தில்தான் லிடியா திரும்பினாள். கட்டிலிலிருந்து பார்த்தால் அம்மாவின் முதுகும் உயர்ந்த கையும் மட்டும்தான் தெரிந்திருக்கும். "என்னம்மா பண்றே?" "தண்ணிதான் கண்ணு, சும்மா..." "யாரைக் கேட்டுப் பண்றே? அவ எங்க பிள்ளை. அவளுக்கு நாங்க பேர் வெச்சிருக்கோம். அவர்கிட்ட நான் என்ன சொல்லுவேன்? வந்ததும் வராததுமா உன் சாமிகிட்ட தூக்கிக் குடுத்துட்டியா? போ. வெளிய போ." கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மாப்பிள்ளையிடம் அவள் சொன்னாளோ இல்லையோ, அவர் இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராத்திரி படுத்த பிறகுதான் புத்திக்கு எட்டியது, அது பிள்ளையின் சூடு இல்லை, லிடியாவின் சூடு, அவள் வயிற்றிலிருந்து எடுத்துவந்த சூடு, அவ்வளவு நேரம்தான் தங்கும். அப்படியானால் யாருக்குத் தண்ணீர் வைத்தேன். என் பொண்ணுடைய சூட்டுக்கா ஞானஸ்நானம் கொடுத்தேன்.

வெளியே வந்து படியில் ஷூவைப் போட்டுக்கொண்டிருக்கும்போது வாசனை வந்தது. முதலில் நம்பவில்லை, கோயிலுக்குள் இருந்த ஊதுபத்தி ஏதாவது சேலையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று முந்தானையை மோந்து பார்த்தாள். இல்லை. மல்லிகை. தெரு முனையில் ஒரு ஆள் போய்க்கொண்டிருந்தான், வெள்ளைச் சட்டை, இடுப்பில் சிவப்புத் துணி, கையில் சப்பாத்திக் கள்ளியின் தடித்த மடல் ஒன்று, அது நிறையக் குத்திவைத்த குச்சிகளில் உருண்டை உருண்டையாய் மல்லிகைப் பூ, ஒவ்வொன்றும் கைப்பிடி அளவு. அவளுடைய கால்கள் அவளைக் கேட்காமல் ஓடின. இந்தாப்பா, இந்தாப்பா என்று தமிழிலேயே கூப்பிட்டாள், அவன் திரும்பினான், மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டு விரலைக் காட்டினாள், வாங்கிக்கொண்டு பக்கத்துத் திண்டில் உட்கார்ந்தாள், உட்கார்ந்த பிறகுதான் எதற்கு என்று கேட்டுக்கொண்டாள். காய்ந்த ஏதோ செடியின் முள் முனை ஒவ்வொன்றிலும் ஒரு மொட்டாகச் செருகியிருந்தார்கள், எத்தனை பொறுமை, அப்போதுதான் வாய் திறந்துகொண்டிருந்த மொட்டுகள். ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கைக்குட்டையில் போட்டாள். ஹாலந்தில், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள், லிடியாவுக்குப் பால் கட்டிக்கொண்டது. நைட்டி நனைந்து நனைந்து, யாருக்கென்று தெரியாமல் வந்துகொண்டே இருந்தது, அதற்குச் சொல்வார் யாருமில்லை. வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ், முட்டைக்கோஸ் இலையைக் குளிரவைத்து மார்பில் வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். கோஸ் இலையா, இது என்ன வைத்தியம், மல்லிகைப் பூ வைத்துக் கட்டினால் இரண்டே நாளில் வற்றிப்போகும், லிடியாவைப் பால் மறக்கடித்தபோது அவளே தன் மாரில் கட்டிக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் குழந்தை அழ அழ, பூ வாசனையில் அவளுக்குத் தலை சுற்ற. தம்பி, மல்லிகைப் பூ எங்கேயாவது கிடைக்குமா என்று மாப்பிள்ளையிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டாள். அவர் எதற்கு என்று கேட்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு போய் ஒரு தொட்டிச் செடியைத் தூக்கிக்கொண்டு வந்து நிறுத்தினார், அதில் எண்ணி நாலு பூ. அந்த நாலையும் பறித்துக்கொண்டு அறைக் கதவைத் தட்டினாள். "என்னைத் தொடாதேம்மா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது, அழுகை கூட இல்லாத குரல். பாத்ரூமில் குழாய் வெகுநேரம் ஓடியது. இப்போது கைக்குட்டை நிறையப் பூ இருக்கிறது, இத்தனை தூரத்தில். இதற்குள் பால் வற்றியிருக்கும். வற்றியிருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்ள வேண்டும். ஆனாலும் வற்றியிருக்கும் என்று நினைத்ததும் பூப் பிடுங்குவதை நிறுத்திக் கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டாள், அந்தப் பிள்ளையைத் தேடி வந்தது அது ஒன்றுதான், அதுவும் போய்விட்டது.

போன் அடித்தது. சிஸ்டராக இருக்கும், போலீஸ் ஜீப்பில் வருகிறாயா என்று கேட்பாள். பைக்குள் கையை விட்டுத் துழாவி எடுத்தாள், வெயிலில் திரை தெரியவில்லை, தலைப்பால் நிழல் கட்டிப் பார்த்தாள். லிடியா. விரல் முதல் தடவை வேறெங்கோ அழுத்திவிட்டது, இரண்டாம் தடவை பிடித்தது. "அம்மா" என்று கேட்டது. கூப்பிட்டுவிட்டாள். "அம்மா, கேக்குதா?" "கேக்குது பாப்பா." "எங்க இருக்கே?" "ஒரு கோயிலு பக்கத்துல." "சாப்பிட்டியா?" "ம். நீ?" "ம்." ஹாலந்தில் ஏதோ ஒரு கார் போகும் சத்தம் இங்கே கேட்டது. டிக்கெட்டைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாள், சொல்ல வரவில்லை அவளுக்கு, நாமே சொல்லிவிடலாம், போய்விடுகிறேன் பாப்பா என்று நாமே சொல்லிவிட்டால் அவளுக்குச் சுலபம், ஆனால் அதற்கு முன்னால் அது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "பாப்பா, அன்னைக்கு நான் பண்ணது..." "அது வேண்டாம்மா. அதப் பேசக் கூப்பிடல. அத நான் இன்னும்..." லிடியா நிறுத்திக்கொண்டாள். "வேற ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லுவியா?" "சொல்றேன்." "அவரைக் கேட்டா அழுதுடுறாரு. வாயத் திறக்கறதுக்குள்ள அழுதுடுறாரு. அவர்கிட்ட எப்படிக் கேக்கறது?" "என்ன பாப்பா?" மூச்சு உள்ளே போவது கேட்டது. "அவளுக்கு முடி இருந்துச்சா?"

தெருவில் யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள். இன்னாசியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். உயரத்தில் எடுத்து வைத்திருந்ததை இறக்க வேண்டியிருந்தது. கை எட்டுமா என்று பயமாக இருந்தது, எட்டியது. "இருந்துச்சு" என்றாள். "நெறைய. ஈரமா நெத்தியில ஒட்டிக்கிட்டு. கறுகறுன்னு. பின்னங்கழுத்துல மட்டும் சுருட்டையா." "சுருட்டையா?" "ஆமா. உங்க அப்பாவுக்கு இருக்கும்ல, அந்த மாதிரி." "மூக்கு?" "மாப்பிள்ளை மூக்குதான். அச்சு அசல். இத்தனூண்டு மூஞ்சியில எம்மாம் பெரிய மூக்கு." போனில் ஒரு சத்தம் வந்தது, சிரிப்பா விம்மலா தெரியவில்லை. "பாவம்மா அவ." "வளர்ந்தா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு இன்னாசியம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். லிடியா கோபப்படவில்லை. ம் என்றாள், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று அவளும் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்ப்பதுபோல். "கை?" "ஒரு கை துணிக்கு வெளியில இருந்துச்சு. நகமெல்லாம் நல்லா வளர்ந்து. நீளநீளமா விரல், உனக்கு மாதிரி. மடக்கி வெச்சிருந்தா, நான் விரலைக் குடுத்துப் பார்த்தேன்." "பிடிச்சாளா?" இதற்கு என்ன சொல்வது மாதாவே. "இல்ல பாப்பா." "ம்." "நான்தான் பிடிச்சுக்கிட்டேன்." அப்புறம் மிகச் சின்னக் குரலில், காய்ச்சலில் கிடக்கும்போது தண்ணீர் கேட்கிற குரலில், "கண்ணு எப்படிம்மா இருந்துச்சு?" என்றாள் லிடியா.

"தெறக்கல பாப்பா."

கைக்குட்டை மடியிலிருந்து சரிந்து பூவெல்லாம் கல்லில் கொட்டியது, அவள் கவனிக்கவில்லை. அந்தப் பக்கம் லிடியா அழத் தொடங்கியிருந்தாள், அன்றைக்கு அறையில் அழாத அழுகை, வாய்விட்டு, மூக்கை உறிஞ்சி, சின்ன வயதில் அழுவதைப்போல் அசிங்கமாக. இன்னாசியம்மாள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அழாதே என்று சொல்லவில்லை. ஜெபம் சொல்லவில்லை.

"அம்மா, வெச்சிடாதே."

"வெக்கல" என்றாள் இன்னாசியம்மாள். "காதைப் பத்தி நான் இன்னும் சொல்லவே இல்லியே."